பேரப்பிள்ளைகளோடு விமானம் பார்க்கப் போகும்போது

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். பேரனுக்கு 4 வயது, பேத்திக்கு 7. பயணம் எதுவும் இல்லை, விமானம் பார்ப்பதற்காகவே இருவரையும் ஒருநாள் விமான நிலையத்துக்கு அழைத்துப் போக ஆசைப்படுகிறீர்கள். ஆனால் உங்களுக்கே விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கே நிற்பது, எதைக் காட்டுவது, பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

நான் 28 வருடம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவள். அதில் பாதிக்கு மேல், விமானங்கள் ஏறவும் இறங்கவும் விமானிகளுக்கு ரேடியோவில் அனுமதி சொல்லும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில். ஓய்வு பெற்ற பிறகு என் மூன்று பேரப்பிள்ளைகளோடும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ மாலைகள் விமானம் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒரு தடையே இல்லை. விஷயம் தெரிந்த பெரியவர்கள்தான் பிள்ளை வாய் திறப்பதற்குள் விளக்கம் சொல்லிவிடுகிறார்கள். அப்போதே அந்தப் பிள்ளையின் கண் வேறு எங்கோ போய்விடும். நீங்கள் விளக்கவே வேண்டாம். ஒவ்வொன்றையும் பார்ப்பதற்கு முன்னால், “அடுத்து என்ன நடக்கும், சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள். ஊகிக்க விடுங்கள், அப்புறம் சேர்ந்து பாருங்கள். விமான நிலையத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விடை தானாகவே வந்து இறங்கும்.

முதலில் இடம். இதில் நான் ஒரு பெரிய தவறு செய்திருக்கிறேன். மூத்த பேரனுக்கு அப்போது மூன்றரை வயது. விமானங்கள் தலைக்கு நேர் மேலே தாழ்வாக வரும் இடம் ஒன்று எனக்குத் தெரியும். அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் பூரித்துப் போவான் என்று நினைத்தேன். முதல் விமானம் வந்ததும் அந்தச் சத்தத்தில் அவன் உடம்பே விறைத்துப் போனது. என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அரை மணி நேரம் அழுதான். அதற்கப்புறம் ஒரு வருடம், வானத்தில் விமானச் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள் ஓடிவிடுவான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு வலிக்கிறது. அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்.

தரையிறங்கும் விமானம் பெரும்பாலும் 3 டிகிரி சரிவில் வரும். சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு 1 கிலோமீட்டர் முன்னால் அது சுமார் 50 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதாவது ஒரு 15 மாடிக் கட்டட உயரம். 2 கிலோமீட்டர் முன்னால் என்றால் சுமார் 100 மீட்டர். முதல்முறை போகும்போது இந்த வழிக்கு நேர் கீழே நிற்காதீர்கள். பக்கவாட்டில் சில நூறு மீட்டர் தள்ளி, விமானம் தூரத்தில் புள்ளியாகத் தெரிவதிலிருந்து தரையைத் தொடுவது வரை முழுசாகப் பார்க்கக்கூடிய இடமாகத் தேடுங்கள். சில விமான நிலையங்களில் பார்வையாளர் மாடம் இருக்கும். சிலவற்றில் பயணச்சீட்டு இல்லாமல் உள்ளேயே விட மாட்டார்கள். போகும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாடம் இல்லையென்றால், வெளியில் பொதுமக்கள் நிற்க அனுமதி உள்ள திடலோ பூங்காவோ இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். பக்கத்தில் சிறு விமானங்கள் பறக்கும் பயிற்சி நிலையம் இருந்தால், 4 வயதுக்காரனுக்குப் பெரிய விமான நிலையத்தைவிட அதுதான் நல்ல தொடக்கம் என்பது என் எண்ணம். எல்லாம் சின்னதாக, கிட்டத்தில், சத்தம் குறைவாக இருக்கும்.

எங்கே நின்றாலும் இரண்டு பேருக்கும் காதை முழுவதும் மூடும் காதுக்காப்பு வாங்கிக்கொண்டு போங்கள். ஹெட்ஃபோன் மாதிரி இருக்கும், சிறுவர் அளவிலேயே கிடைக்கிறது. வீட்டிலேயே போட்டு விளையாடப் பழக்கிவிடுங்கள், அங்கே போய் முரண்டு பிடிக்க மாட்டார்கள். எப்போது போட வேண்டும், எப்போது கழற்றலாம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். சத்தம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும்.

நேரத்தைப் பொறுத்தவரை வெயில் தாழ்ந்த நேரமாக, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். அந்தச் சின்னவனுக்கு அதுவே அதிகம்.

சரி, போய்ச் சேர்ந்தாயிற்று. முதலில் விமானத்தைத் தேடாதீர்கள், காற்றுப்பையைத் தேடுங்கள். ஓடுபாதையின் ஓரத்தில் ஒரு கம்பத்தில், ஆரஞ்சு நிறத்திலோ சிவப்பு வெள்ளைப் பட்டைகளோடோ, இரண்டு பக்கமும் திறந்த நீளமான துணிப்பை ஆடிக்கொண்டிருக்கும். 4 வயதுக் கண்ணுக்கு அதைக் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு. காற்று பையின் அகன்ற வாய் வழியாக நுழைந்து குறுகிய வால் வழியாகப் போகும். வால் எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது என்று அர்த்தம். பை தொங்கிக்கிடந்தால் காற்று இல்லை. நேராக விறைத்து நின்றால் சுமார் 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டரோ அதற்கு மேலோ காற்று அடிக்கிறது.

இப்போது இரண்டு பேரிடமும் கேளுங்கள்: “அடுத்த விமானம் எந்தப் பக்கமிருந்து வரும்?”

பெரும்பாலான பிள்ளைகள், காற்று தள்ளிக்கொண்டு வரும் பக்கத்திலிருந்து வரும் என்பார்கள். நியாயமான ஊகம்தான். சைக்கிள் ஓட்டும்போது பின்காற்றுதானே நமக்கு உதவி? பொறுத்திருந்து பாருங்கள். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், காற்றை எதிர்த்துத்தான் ஏறும். தன் ஊகம் பொய்யானதைப் பார்த்த பிள்ளை உடனே “ஏன்?” என்று கேட்கும். அந்த “ஏன்” வந்த பிறகு சொல்லும் விடைதான் மனதில் நிற்கும்.

விடை எளிது. இறக்கைக்குத் தெரிந்ததெல்லாம் தன் மேல் ஓடும் காற்றின் வேகம்தான், தரையின் வேகம் அதற்குத் தெரியாது. ஒரு விமானம் எழும்ப இறக்கையின் மேல் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதிரில் ஏற்கெனவே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், விமானம் தரையில் 220 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் போதும், மிச்சத்தைக் காற்று கொடுத்துவிடும். பின்காற்று என்றால் 280 வேண்டும், அவ்வளவு நீளமான ஓடுபாதையும் வேண்டும். உங்கள் பேத்தி இந்தக் கணக்கைத் தானே போட்டுவிடுவாள். பேரனுக்குக் கணக்கு வேண்டாம். பட்டம் விடும்போது காற்றுக்கு எதிராகத்தானே ஓடுகிறோம் என்று கேட்டால் போதும்.

எங்கள் வேலையில் காற்றுதான் எஜமான். காற்று திசை மாறினால், வரிசையில் வந்துகொண்டிருக்கும் அத்தனை விமானங்களையும் சுற்றிவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து கொண்டுவர வேண்டும். சுற்றி வேலை செய்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், அந்த இருபது நிமிடம் கண் இமைக்க நேரமிருக்காது. உங்களுக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தால் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய காட்சி இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். காற்று ரொம்ப மெலிதாக இருந்தால், பக்கத்தில் மலை இருக்கிறது, வீடுகளுக்குச் சத்தம் போகக்கூடாது என்பது போன்ற காரணங்களால் லேசான பின்காற்றிலும் விமானத்தை இறக்குவதுண்டு. அப்படி ஊகம் தவறினால், “இன்றைக்குக் காற்று அவ்வளவு பலமில்லை, அதனால் வேறு காரணத்துக்காகப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்” என்று சொல்லுங்கள்.

ஓடுபாதையின் இரு முனையிலும் பெரிய எண்கள் எழுதியிருக்கும். வேலிக்கு வெளியிலிருந்து அது தெரியாது. ஆனால் புறப்படும் முன் வீட்டில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்தால் தெளிவாகத் தெரியும். அந்த எண்ணோடு ஒரு பூஜ்யம் சேர்த்தால் ஏறக்குறைய திசைகாட்டி காட்டும் டிகிரி வரும். 09 என்றால் 90 டிகிரி, விமானம் கிழக்குப் பார்த்து ஓடும். அதே பாதையின் மறுமுனையில் 27 என்று இருக்கும், அதாவது 270 டிகிரி, மேற்கு. எந்த ஓடுபாதையை எடுத்தாலும் இரண்டு முனை எண்களுக்கும் வித்தியாசம் 18தான். பேத்தியிடம் ஒரு முனையின் எண்ணைக் கொடுத்து மறுமுனையின் எண்ணைக் கேளுங்கள். அப்புறம் உலகத்தில் எந்த ஊர் விமான நிலையத்தை வேண்டுமானாலும் வரைபடத்தில் திறந்து சோதித்துப் பார்க்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாதை இருந்தால் எண்ணோடு இடது, வலது என்பதற்கான எழுத்தும் இருக்கும். எண்கள் பூமியின் காந்த வடக்கை வைத்துக் கணக்கிடப்படுவதால், காந்த வடக்கு மெல்ல மெல்ல நகர நகர, சில இடங்களில் பல வருடங்களுக்கு ஒருமுறை அந்த எண்ணை அழித்து மாற்றி எழுதவும் வேண்டியிருக்கிறது.

காற்றைப் பற்றிப் பேசிய கையோடு ஒரு ஓட்டப்பந்தயம் வையுங்கள். திடல் இருந்தால் அங்கேயே, இல்லையென்றால் வீட்டுக்கு வந்த பிறகு. பெரியவர்களின் எட்டில் ஏறக்குறைய 50 எட்டு வைத்து இரண்டு கோடு போடுங்கள், சுமார் 36 மீட்டர் வரும். 1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் வட கரோலினாவில், கடற்கரை மணலில், ஆர்வில் ரைட் முதன்முதலாக என்ஜின் வைத்த விமானத்தில் பறந்த தூரம் அவ்வளவுதான். எடுத்துக்கொண்ட நேரம் 12 விநாடி. நீங்கள் ஒன்று முதல் பன்னிரண்டு வரை நிதானமாக எண்ணுங்கள், பேத்தி ஓடட்டும். அவள் முந்திவிடுவாள்! உலகத்தின் முதல் விமானத்தை 7 வயதுப் பெண் ஓடியே தோற்கடித்துவிடலாம். ஏன் தெரியுமா? அன்றைக்கு மணிக்கு 30 கிலோமீட்டருக்கும் மேல் எதிர்காற்று அடித்தது. தரையில் அது நகர்ந்த வேகம் குறைவு, ஆனால் இறக்கைக்கு வேண்டிய காற்று கிடைத்துவிட்டது. காற்றுப்பையைப் பார்த்துக் கற்றுக்கொண்ட அதே விஷயம்தான். இன்னொன்றும் சொல்லுங்கள்: இன்று எங்கும் சாதாரணமாகப் பார்க்கும் ஏர்பஸ் ஏ320 விமானத்தின் நீளம் 37.57 மீட்டர். ஆர்வில் பறந்த முதல் பறப்பு மொத்தமும் அந்த ஒரு விமானத்தின் மூக்குக்கும் வாலுக்கும் நடுவிலேயே முடிந்துவிடும்.

தரையிறங்கும் விமானத்தைப் பார்க்கும்போது சக்கரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். தரையைத் தொட்ட நொடியில் புகை கிளம்பும். சின்னவன் தீப்பிடித்துவிட்டது என்று பயப்படலாம், அதனால் முன்னாலேயே சொல்லி வையுங்கள். மேலே சுற்றாமல் இருந்த டயர், மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்தோடு தரையைத் தொட்டதும் ஒரு கணம் தேய்ந்து, பிறகுதான் சுற்றத் தொடங்கும். அந்தத் தேய்ப்பில் வரும் புகைதான் அது. அதே நேரத்தில் இறக்கையின் மேல்புறத்தில் சில பலகைகள் விறுக்கென்று எழுந்து நிற்கும். அவற்றுக்கு ஸ்பாய்லர் என்று பெயர். இறக்கை விமானத்தைத் தூக்கிக்கொண்டிருப்பதை அவை கெடுத்துவிடும், அப்போதுதான் பாரம் முழுவதும் சக்கரத்தின் மேல் இறங்கி பிரேக் நன்றாகப் பிடிக்கும். இரண்டு மூன்று விமானங்களைப் பார்த்த பிறகு, “இப்போ பலகை எழும்பும் பார்” என்று பேரனே முந்திக்கொண்டு சொல்வான். என் இளைய பேத்தி இந்த ஒன்றுக்காகவே திரும்பத் திரும்பக் கூட்டிப் போகச் சொன்னாள்.

பெரிய விமானம் மெதுவாகப் போகிறதே, சின்ன விமானம் வேகமாகப் போகிறதே என்று கட்டாயம் கேட்பார்கள். இறங்கும் நேரத்தில் பெரும்பாலான ஜெட் விமானங்களின் வேகம் மணிக்கு 240 முதல் 280 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் நம் கண் வேகத்தை விமானத்தின் நீளத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. 35 மீட்டர் விமானம் ஒரு விநாடியில் தன் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு நகர்ந்துவிடும். 70 மீட்டர் விமானம் அதே ஒரு விநாடியில் தன் நீளத்துக்குத்தான் நகரும். அதனால் பெரியது மிதப்பது போலத் தெரியும்.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி: “தரையில் போகும்போது விமானத்தின் சக்கரத்தை எது சுற்றுகிறது?” உங்களோடு வரும் மற்ற பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் கார் மாதிரி சக்கரத்துக்கு என்ஜின் இருக்கிறது என்பார்கள். எதுவும் சுற்றுவதில்லை. என்ஜின் காற்றைப் பின்னால் தள்ளுகிறது, விமானம் முன்னால் போகிறது, சக்கரம் சும்மா உருள்கிறது. அதனால்தான் நிறுத்துமிடத்திலிருந்து பின்னால் நகர்த்த ஒரு குட்டையான வண்டி வந்து மூக்குச் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. அந்த வண்டியை உங்கள் பேரனுக்குக் காட்டுங்கள். அவ்வளவு சின்ன வண்டி அவ்வளவு பெரிய விமானத்தைத் தள்ளுவதைப் பார்த்த பிள்ளைகள் பிறகு விமானத்தை விட்டுவிட்டு அந்த வண்டியையே பார்ப்பதுண்டு. பார்க்கட்டும், தடுக்காதீர்கள்.

மாடத்திலிருந்தோ கண்ணாடிக்குப் பின்னாலிருந்தோ நிற்கும் விமானத்தைப் பார்க்க முடிந்தால், விமானத்தின் வயிற்றிலும் முதுகிலும் உள்ள சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். அது மின்னத் தொடங்கிவிட்டால், என்ஜினை இயக்கப் போகிறார்கள், கிட்டே வராதீர்கள் என்று கீழே நிற்பவர்களுக்கு எச்சரிக்கை. இது தெரிந்த பிள்ளை, வரிசையாக நிற்கும் விமானங்களில் எது முதலில் நகரும் என்று மற்ற எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடும். என்ஜினின் நடுவில் சுருள் மாதிரி வெள்ளைக் கோடு வரைந்திருப்பதும் அதற்காகத்தான். கோடு சுழல்வது தெரிந்தால் என்ஜின் ஓடுகிறது, தள்ளி நிற்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பவர், இறக்கைக்கு அடியில் குழாயை மாட்டி எரிபொருள் நிரப்புபவர், கையில் ஒளிரும் கோலை வைத்து விமானிக்கு வழிகாட்டுபவர் என்று அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவரையும் காட்டுங்கள். எரிபொருள் பெரும்பாலும் இறக்கைக்குள்தான் இருக்கிறது என்பதை பேத்தி நம்பவே மாட்டாள்.

அப்புறம் “எப்படிப் பறக்கிறது?” என்ற கேள்வி வரும். இதற்குப் பள்ளிக்கூடத்தில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு விளக்கம் தவறு. இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்று, கீழே போகும் காற்றோடு மறுமுனையில் ஒரே நேரத்தில் சேர்வதற்காக வேகமாக ஓடுகிறது என்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை, உண்மையில் சேர்வதுமில்லை. பிள்ளைகளுக்குச் சரியாகவும் எளிமையாகவும் சொல்ல வேண்டுமென்றால், இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்பித் தள்ளுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது என்று சொல்லுங்கள். ஒரு கெட்டியான அட்டையைக் கையில் கொடுத்து, முன்விளிம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி ஓடச் சொல்லுங்கள். அட்டை மேலே எழும்பப் பார்ப்பதைக் கையிலேயே உணர்வார்கள். ரொம்பத் தூக்கிப் பிடித்தால் பின்னால்தான் இழுக்கும். அதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

“விழுந்துவிடுமா?” என்றும் கேட்பார்கள். இந்தக் கேள்வியை மழுப்பாதீர்கள். என்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழாது, மெல்ல மெல்லச் சறுக்கிக்கொண்டு இறங்கும். 10 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் பயணிகள் விமானம் என்ஜினே இல்லாமல் 100 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. 1983-ல் கனடாவில் ஒரு போயிங் 767 நடுவானில் எரிபொருள் தீர்ந்துபோய், இரண்டு என்ஜினும் நின்ற நிலையில் சறுக்கிக்கொண்டே வந்து கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் இறங்கியது. உள்ளே இருந்த அத்தனை பேரும் உயிர் பிழைத்தார்கள். பேத்திக்கு இந்தக் கதை நிச்சயம் பிடிக்கும். சின்னவனுக்கு, “கீழே விழாம இருக்கிறதுக்குத்தான் இத்தனை பேர் வேலை பார்க்கிறாங்க” என்று சொன்னால் போதும்.

அவளுக்கு இன்னொரு கதையும் சொல்லுங்கள். பெஸ்ஸி கோல்மன் என்ற கறுப்பினப் பெண்ணை, பெண் என்பதாலும் கறுப்பர் என்பதாலும் அமெரிக்காவில் எந்த விமானப் பயிற்சிப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் பிரெஞ்சு மொழியைக் கற்றுக்கொண்டு, கடல் கடந்து பிரான்ஸுக்குப் போய், 1921-ல் விமானி உரிமம் வாங்கினார். விமான நிலையத்தில் பெரியவர்கள் தன்னையறியாமல் பையனிடம் “நீ பைலட் ஆகிறாயா?” என்று கேட்டுவிட்டு, பெண்ணிடம் “எந்த விமானம் அழகா இருக்கு?” என்று கேட்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

கோபுரத்தைக் காட்டும்போது எங்கள் ரேடியோ மொழியைக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள். இரைச்சலில் எழுத்துகள் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஏ என்றால் ஆல்ஃபா, பி என்றால் பிராவோ, சி என்றால் சார்லி என்று போகும். உலகம் முழுக்க இதே சொற்கள்தான். கவி என்ற பெயரை ரேடியோவில் “கிலோ, ஆல்ஃபா, விக்டர், இந்தியா” என்று சொல்வோம். முழுப் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இருவரும் தங்கள் பெயரை இப்படிச் சொல்லக் கற்றுக்கொண்டால், திரும்பி வரும் வழி முழுக்க வண்டிக்குள் ரேடியோதான். ஒன்பதை “நைனர்” என்று சொல்ல வேண்டும். ஐந்துக்கான ஆங்கிலச் சொல்லும் ஒன்பதுக்கான சொல்லும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

புறப்படுவதற்காக ஒரு பெரிய விமானத்துக்குப் பின்னால் சின்னது வரிசையில் நின்றால், பெரியது போன பிறகும் சின்னது நகராமல் இருப்பதைப் பார்ப்பீர்கள். ஏன் நிற்கிறது என்று ஊகிக்கச் சொல்லுங்கள். படகு போன பிறகு தண்ணீர் சுழன்றுகொண்டிருப்பது போல, பெரிய விமானத்தின் இறக்கை நுனியிலிருந்து காற்று சுருள் சுருளாகப் பின்னால் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. அது அடங்குவதற்காக இரண்டு நிமிடமோ அதற்கு மேலோ காக்க வைப்போம்.

கைப்பேசியில் விமானங்களைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலிகள் உண்டு. விமானங்கள் தாங்களே தங்கள் இருப்பிடத்தை ரேடியோவில் ஒலிபரப்பிக்கொண்டிருப்பதால் அவை அதைப் பிடித்துக் காட்டுகின்றன. எந்த ஊரிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள நல்லதுதான். ஆனால் பிள்ளை தன் ஊகத்தைச் சொல்லும் வரை கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள், எடுத்துவிட்டால் எல்லாத் தலையும் குனிந்துவிடும்.

சில எச்சரிக்கைகள். பலூன், பட்டம், லேசர் விளக்கு, ட்ரோன் எதையும் கொண்டுபோகக் கூடாது. விளையாட்டுத் துப்பாக்கியும் வேண்டாம். பறவைகளுக்குத் தீனி போடாதீர்கள், தின்ற மிச்சத்தையும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். பறவைகள் கூடினால் விமானத்துக்கு ஆபத்து, இதைப் பிள்ளைகளே நன்றாகப் புரிந்துகொள்வார்கள். படம் எடுக்க சில நாடுகளில் தடை உண்டு, அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் காவலரிடம் கேளுங்கள். வேலியில் ஏறக் கூடாது என்பதை வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

வீடு திரும்பிய பிறகு காகித விமானம் செய்யுங்கள். இறக்கையின் பின்விளிம்பு இரண்டையும் லேசாக மேலே மடித்தால் மூக்கு தூக்கும். ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் மடித்தால் திரும்பும். இங்கேயும் எறிவதற்கு முன்னால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டும். காற்று இருக்கும் நாளில் வெளியே போய், காற்றை எதிர்த்தும் காற்றோடும் மாறி மாறி எறிந்து பாருங்கள்.

முதல்முறை நன்றாகப் போனால், இரண்டாம் முறை இருட்டத் தொடங்கும் நேரத்தில் அழைத்துப் போங்கள். விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. சிவப்பு நம் வலப்பக்கமும் பச்சை நம் இடப்பக்கமும் தெரிந்தால் விமானம் நம்மைப் பார்த்து வருகிறது. தரையில் நீல விளக்குகள் விமானம் ஊர்ந்து போகும் வழியின் ஓரம். ஓடுபாதையின் ஓரத்தில் வெள்ளை விளக்குகள். அப்புறம் விமானங்கள் இறங்க வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன் பின் ஒன்றாக விளக்குகள் வானத்தில் தெரியும். நட்சத்திரம் எது, விமானம் எது என்று சின்னவன் குழம்புவான். எத்தனை விமானம் வரிசையில் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நகரும் விளக்குகளை விட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே நின்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமாகும் விளக்கு ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். அதுதான் உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும் விமானம்.